இருட்டுக்குக் கண் பழகும் நேரம்

கை தானாக டிம்மரைத் தேடிப் போகிறது. இன்னும் முழுசாக இருட்டக்கூட இல்லை. மேற்கே காற்றாலைகளுக்குப் பின்னால் மஞ்சளாக ஒரு கீற்று பாக்கியிருக்கிறது. அதற்குள் நான் ஜூலியில் ஏறி, வலதுபக்க சீட்டில் உட்கார்ந்து, கதவைத் திறந்தே போட்டு, முன்னாலிருக்கிற கருவிப் பேனலின் விளக்கைப் போட்டு, போட்ட கையோடு அதைக் குறைக்கவும் கிளம்பிவிட்டேன். கொஞ்சம் சும்மா இரேன் ஆவுடை. யாருக்காகக் குறைக்கிறாய்? ஜூலி என்றால் இந்த விமானம், இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காருகிற பழைய துணி இறக்கை விமானம், என்னைவிட மூத்தது, பதிவெழுத்தில் கடைசியாக வருகிற ஜே எழுத்தை வைத்து எல்லோரும் ஜூலி ஜூலி என்று கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள். பார், தனியாக உட்கார்ந்திருக்கும்போதும் மனசு யாருக்கோ விளக்கம் சொல்கிறது. வகுப்பெடுத்து வகுப்பெடுத்து வந்த வியாதி. சரி, சொல்லியே விடு, பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல. ராத்திரி பறக்கப் போகிறவர் அதற்கு முன்னால் அரை மணி நேரம் இருட்டில் உட்கார வேண்டும். செல்போனைத் தொடக் கூடாது, டியூப் லைட் பக்கம் போகக் கூடாது, யாராவது கார் விளக்கைப் போட்டுக்கொண்டு வந்தால் ஒரு கண்ணையாவது பொத்திக்கொள்ள வேண்டும். நமக்குள்ளே இருப்பது இரண்டு ஜோடிக் கண், ஒன்று பகலுக்கு, ஒன்று இருட்டுக்கு. இருட்டுக் கண் சோம்பேறி, விழிக்க அரை மணி நேரம் எடுத்துக்கொள்ளும். வெள்ளை வெளிச்சம் பட்டால் அந்த நிமிஷமே மறுபடி தூங்கிவிடும். சிவப்பு வெளிச்சம் ஒன்றுதான் அதைத் தொந்தரவு செய்யாது. அதனால்தான் பேனலில் சிவப்பு விளக்கு, அதையும் குறைத்து, இன்னும் குறைத்து. என்னிடம் பறக்கப் படிக்கிற விண்ணரசி இப்போது விமானம் நிறுத்துகிற ஹாங்கருக்குப் பக்கத்து அறையில் விளக்கணைத்து உட்கார்ந்திருப்பாள், நான் சொல்லிக்கொடுத்ததில் ஒரு வார்த்தை மாறாமல். நான் இங்கே உட்கார்ந்து என் இருட்டுக் கண் விழிக்கக் காத்திருக்கிறேன். அது விழிக்காது. அது செத்துப்போய்விட்டது என்று போன புதன்கிழமை திருநெல்வேலியில் ஒரு டாக்டர் சொல்லிவிட்டாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் விண்ணரசி வந்து இடதுபக்கம் ஏறி உட்காருவாள்; ஒரு சுற்று என்னோடு, அப்புறம் நான் இறங்கிக்கொள்ள, அவள் முதல் தடவையாக ராத்திரியில் தனியாக. அவள் வருவதற்குள் நான் முடிவு செய்ய வேண்டும், சொல்லப் போகிறேனா, சொல்லாமல் அவளோடு மேலே போகப் போகிறேனா என்று.

தங்கப்பாண்டியை நான் படுத்திய பாட்டை நினைத்தால் இப்போது கூசுகிறது. அவன்தான் இங்கே மெக்கானிக், விளக்கு முதல் சக்கரம் வரை அவன் கைதான். விளக்கென்றால் பெரிசாக ஒன்றுமில்லை. பேனலின் மேல்விளிம்புக்கு அடியில் வெளியே தெரியாமல் ஒளித்து வைத்த சின்னச் சிவப்பு பல்புகள், தலைக்கு மேலே கூரையில் ஒன்று, காம்பஸுக்குள் சீரியல் செட் பல்பு அளவில் ஒன்று, அவ்வளவுதான். ஜூலி பிறந்த காலத்தில் இதுவும் கிடையாதாம். முள்ளிலும் எண்களிலும் ரேடியம் கலந்த பெயின்ட் பூசியிருந்தார்கள், அது தானாகவே பச்சையாக ஒளிரும். உயரம் காட்டுகிற முள்ளில் அந்தப் பெயின்ட் இன்னமும் பழுப்பேறிக் கிடக்கிறது. ஒளி போய்விட்டது, விஷம் போகவில்லை. ரேடியம் அப்படியேதான் இருக்கிறது, அது படப் பட ஒளிர்ந்துகொண்டிருந்த பூச்சுதான் களைத்துப் போய்விட்டது என்று நான் பிள்ளைகளிடம் சொல்வேன், அவர்களும் விரலால் கண்ணாடியைத் தொட்டுவிட்டுச் சட்டென்று எடுத்துக்கொள்வார்கள். எங்கள் தொழிலில் எல்லோர் கையிலும் ஊறின பாடம் ஒன்று உண்டு. வெளியே தெரியவில்லை என்றால் உள்ளே விளக்கு அதிகம். பேனலின் சிவப்பு முன்கண்ணாடியில் விழுந்து வெளி இருட்டை மறைத்துக்கொண்டிருக்கும், ஆகவே குறை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் ஓடுபாதைக்குப் பக்கத்துக் கருவேலங்காடு தெரியவில்லை. குறைத்தேன். அடுத்த மாதம் அடிவானம் தெரியவில்லை, வானம் எது தரை எது என்று பிரியவில்லை. இன்னும் குறைத்தேன். தங்கப்பாண்டியைக் கூப்பிட்டுக் கண்ணாடியில் எதிரொளி அடிக்கிறது, விளிம்புக்குக் கறுப்புத் துணி ஒட்டு என்றேன். ஒட்டினான். பல்பை மாற்று என்றேன், மாற்றினான். டிம்மரே சரியில்லை, போதுமான அளவுக்குக் குறைய மாட்டேன் என்கிறது என்றேன். அவன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "மேடம், இதுக்கு மேல கொறச்சா எறும்புக்குத்தான் முள்ளு தெரியும். நமக்குத் தெரியாது," என்றான். நான் சிரிக்கவில்லை. உனக்கென்ன தெரியும், மேலே போய்ப் பார்த்திருக்கிறாயா என்று கத்தினேன். பாவம், மறுபடி பேனலுக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டான். கண்ணாடியில் ஒரு எதிரொளியும் இல்லை என்று அவனுக்கு அப்போதே தெரிந்திருக்கும்.

கையை எடு. டிம்மரிலிருந்து கையை எடு. முழுசாக ஏற்றி வைத்தாலும் ஒன்றுதான், அணைத்துப் போட்டாலும் ஒன்றுதான். யாருடைய இருட்டுக் கண்ணைக் காப்பாற்ற இந்தச் சிவப்பு? ஆஸ்பத்திரியில் அந்த டாக்டர் என் முகத்தை ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் வைக்கச் சொன்னாள். உள்ளே நடுவில் ஒரு புள்ளி, அதையே பார்க்க வேண்டும், ஓரங்களில் எங்காவது வெளிச்சம் மின்னினால் கையிலிருக்கிற பட்டனை அழுத்த வேண்டும். இதைவிட எனக்குத் தோதான பரீட்சை உலகத்தில் உண்டா? முள்ளைப் பார்த்துக்கொண்டே வெளியே பார்க்கிறவள் நான். உட்கார்ந்தேன். மெஷின் டொக் டொக்கென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. வெளிச்சத்தைக் காணோம். கொஞ்ச நேரம் பொறுத்தேன். அப்புறம் நான் சொன்னேன், நினைக்க நினைக்க அவமானமாக இருக்கிறது, அந்தப் பிள்ளையிடம் சொன்னேன், "டாக்டர், உங்க மெஷின்ல பல்பு போயிருக்கு. செக் பண்ணுங்க." அவள் மெஷினைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது போதும், எனக்குத் தெரிந்துவிட்டது. அப்புறம் கேட்டாள், "உங்க அப்பா அம்மா சொந்தத்துல கல்யாணம் பண்ணினவங்களா மேடம்?" சிரிப்பு வந்தது எனக்கு. அம்மா அப்பாவை மாமா என்று கூப்பிடுவாள். மற்ற வீடுகளில் மரியாதைக்குக் கூப்பிடுகிற மாமா இல்லை, கூடப் பிறந்த தாய்மாமன். தன் அம்மாவின் தம்பியைத்தான் கட்டிக்கொண்டாள், பதினேழு வயதில், சொத்து வெளியே போகக் கூடாது என்று. இரண்டு பக்கமும் ஒரே ரத்தம், ஒரே கோளாறு இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து சேர்ந்திருக்கிறது என்று டாக்டர் படம் போட்டுக் காட்டினாள். விழித்திரையின் ஓரத்திலிருந்து உதிர்ந்துகொண்டே வருமாம், முதலில் இருட்டுப் பார்வை, அப்புறம் பக்கப் பார்வை, கடைசியில் நடுவில் குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி ஒரு வட்டம். சிலருக்குச் சின்ன வயதில், சிலருக்கு மெதுவாக. மருந்து? இல்லை மேடம். வருஷா வருஷம் லைசென்ஸுக்கான மெடிக்கலில் எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரைக்கும் கடகடவென்று ஒப்பித்திருக்கிறேன். விளக்கை அணைத்துவிட்டுப் படி என்று யாரும் சொன்னதில்லை.

அந்தக் கோளாறுக்கு எங்கள் வீட்டில் ஒரு பெயர் இருக்கிறது. மாலைக்கண். அண்ணனுக்கு அது வந்தபோது எனக்கு ஒன்பது வயது. கோமதிநாயகம் அண்ணன் சாயங்காலம் விளையாடிவிட்டு வரும்போது தெருவில் கட்டிப்போட்ட எருமை மேல் முட்டிக்கொண்டு நின்றான், அதற்கு நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அப்பா அடித்தார், திமிர் என்று. அம்மாதான் பயந்தாள். வாரா வாரம் ஆட்டு ஈரலைச் சுட்டுக் கொடுத்தாள், முருங்கைக் கீரை, மீன் எண்ணெய், கேரட் சாறு. அந்த ஈரல் வாடையில் எனக்குக் குமட்டும், எனக்கும் ஒரு துண்டு ஊட்டிவிடுவாள், உனக்கு வந்துவிடக் கூடாது என்று. எனக்கு வராது என்று நான் அன்றைக்கே முடிவு செய்துகொண்டேன். அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு சங்கரன்கோவில் ஆடித் தபசுக் கூட்டத்தில் நடக்கும்போது அவன் பயந்து பயந்து கால் வைப்பதைப் பார்க்க எனக்கு இரக்கம் வரவில்லை, வெறுப்புத்தான் வந்தது. இப்போதும் அதைச் சொல்ல வாய் கூசுகிறது, ஆனால் அதுதான் உண்மை. அவன் நடந்த இருட்டிலிருந்து எவ்வளவு தூரம் ஓட முடியுமோ அவ்வளவு தூரம் ஓடினேன், ஓடிப்போய் மேலேயே ஏறிவிட்டேன், அதுவும் ராத்திரியில், ராத்திரி பறப்பவள் என்று பேர் வாங்கிக்கொண்டேன். நைட் ஃபிளையிங் என்றால் கேப்டன் ஆவுடையிடம் போ என்பார்கள். பெருமையில் எனக்குத் தலை நிற்காது. முப்பது தாண்டுவதற்குள் அண்ணனுக்குப் பகலும் போய்விட்டது. இப்போது ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டு அதே வீட்டில் இருக்கிறான், நாக்கு மட்டும் நல்ல கூர்மை. போன மாதம் போனில் பேனல் விளக்கு சரியில்லை என்று நான் புலம்பிக்கொண்டிருந்தேன். கடைசியில் அவன் ஒரே ஒரு கேள்வி கேட்டான், "ஏட்டி, சாயங்காலம் வாசல்ல செருப்பக் காலால தொழாவித் தேடுதியா?" நான் இல்லையே என்றேன். போனை வைத்த பிறகு வாசலுக்குப் போய் நின்றேன். கால் தரையைத் துழாவிக்கொண்டிருந்தது. எத்தனை நாளாக அப்படிச் செய்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனது அதற்குப் பிறகுதான், அவனிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அவனுக்குச் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

மஞ்சள் கீற்று போய்விட்டதா, அல்லது எனக்குப் போய்விட்டதா? தூரத்தில் காற்றாலை உச்சிகளில் சிவப்பு விளக்குகள் அணைந்து அணைந்து எரிகின்றன. அது தெரிகிறது. சிவப்பும் பிரகாசமும் நேரே முன்னால் இருந்தால் தெரியும், பகல் கண்ணுக்கு வேலை அது. ஓடுபாதை விளக்குகளும் அப்படித்தான், ஒன்று ஒன்றாகத் தெரியும், எல்லாம் சேர்த்து ஒரு பாதையாகத் தெரியாது. மங்கலானதை நேராகப் பார்க்காதே, கொஞ்சம் ஓரமாகப் பார், இருட்டில் நடுக்கண் குருடு, ஓரக் கண்தான் பார்க்கும் என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் சொல்லியிருக்கிறேன். எனக்கு ஓரமே இல்லை. இது தெரியாமல் இரண்டு வருஷமாக எப்படி இறங்கினேன்? அதைத்தான் புதன்கிழமையிலிருந்து கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறேன், கணக்கு முடிகிற இடம் பிடிக்கவில்லை. நான் இறக்கவில்லை. பிள்ளைகள்தான் இறக்கினார்கள். நான் பக்கத்தில் கைகட்டி உட்கார்ந்திருந்தேன், மேடம் நம்மை நம்பி விட்டுவிட்டார்கள் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். பழைய நாளில் கத்துவேன், கையைத் தட்டிவிடுவேன், விமானத்தை ஓட்டுகிற ஸ்டிக்கைப் பிடுங்குவேன். இப்போது மேடம் அமைதியாகிவிட்டார்கள், வயதாகிவிட்டது, பக்குவம் வந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்களாம், அதைக் கேட்டு நானும் கொஞ்சம் பூரித்துப்போனேன். பக்குவம்! ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு இரண்டு நாள் முன்னால், விண்ணரசியோடு இறங்கிக்கொண்டிருக்கிறோம், தரைக்கு ஐம்பது அடி இருக்கும், எல்லாம் சரியாகப் போகிறது என்று நான் முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், "மாடு!" என்று கத்திக்கொண்டு அவள் எஞ்சினை முழுசாகத் திறந்து மூக்கைத் தூக்கிவிட்டாள். என்ன மாடு, எங்கே மாடு? எனக்கு முன்னால் இரண்டு விளக்குப் பொட்டு, நடுவில் கறுப்பு, அவ்வளவுதான். மறுபடி சுற்றி வரும்போது அவள் மூச்சு வாங்கிக்கொண்டே, "நீங்க பாத்துட்டு நான் பாக்கேனா இல்லியான்னுதான மேடம் பேசாம இருந்தீக?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரிக்கிறாள், பரீட்சையில் பாஸ் ஆகிவிட்ட சிரிப்பு. நான் என்ன சொன்னேன்? "நல்லா கவனிச்ச," என்றேன். "குட்," என்றேன். என் வாயால்தான் சொன்னேன். கீழே வந்து பார்த்தால் மூன்று மாடு, ஒன்று சினைமாடு, வேலியில் ஓட்டை போட்டு உள்ளே வந்திருக்கின்றன, தங்கப்பாண்டி கம்பை எடுத்துக்கொண்டு விரட்டிக்கொண்டிருந்தான்.

சொல்லாமல் இருந்தால் என்ன? ஒரே ஒரு சுற்று. அவள் நன்றாகப் பறக்கிறாள், என்னைவிட நன்றாகவே பறக்கிறாள். கண் மூடிக்கொண்டு நான் பக்கத்தில் உட்கார்ந்தால்கூட இறக்கிவிடுவாள். அப்புறம் நான் இறங்கிக்கொள்வேன், அவள் தனியாகப் போவாள், அவளுக்கு வேண்டியது கிடைத்துவிடும், உவரியில் அவள் அப்பா கட்டுமரத்தைக் கரையேற்றிவிட்டு வந்து ஊர் முழுக்கச் சொல்லுவார், எம்பிள்ள ராத்திரியில தனியாப் பறந்துட்டான்னு. மாதாவுக்கு வேண்டிக்கொண்டு வைத்த பேராம், விண்ணரசி. இந்த ஃபிளையிங் கிளப்பில் சேர்ந்த அன்றைக்கே பயல்கள் அதை வைத்து ஓட்டித் தள்ளிவிட்டார்கள், வானத்து ராணிக்கு ஒரு டீ சொல்லுப்பா என்று. அவள் பதிலுக்கு ஓட்டினாள். நல்ல பிள்ளை. நாளைக்கு இன்னொரு பிள்ளை வரும். அப்புறம் இன்னொன்று. அப்படியே அடுத்த மெடிக்கல் வரை தள்ளிவிடலாம், அதிலும் எழுத்துப் பலகைதான் இருக்கும். ஐயோ, இப்படி நினைக்கிறவள்தானா நான்? ஆமாம், இப்படித்தான் நினைக்கிறேன், புதன்கிழமையிலிருந்து ஒவ்வொரு நாளும் இதையேதான் நினைக்கிறேன், நடுவில் ஒரு மாடு வந்து நிற்கிறது, சினைமாடு, மறுபடி முதலிலிருந்து. சொன்னால் என்ன ஆகும் என்றும் தெரியும். ராத்திரி மட்டும் போகாது, பகலும் போகும், இந்தக் கோளாறு என்று எழுதிவிட்டால் ஜூலியின் எந்தப் பக்கத்து சீட்டிலும் எனக்கு இடமில்லை. வேறு என்ன இருக்கிறது எனக்கு? கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அத்தை மகனுக்குக் கேட்டார்கள், சொந்தத்தில் வேண்டாம் என்று உதறிவிட்டு வந்தேன். அந்த ஒரு விஷயத்திலாவது புத்தியாக இருந்திருக்கிறேன். சங்கரன்கோவிலில் அந்த வீடு இருக்கிறது. அண்ணனுக்கு ஒரு நாற்காலி, எனக்கு ஒரு நாற்காலி. இரண்டு பேரும் ரேடியோ கேட்கலாம். மணி என்ன என்று அவன் கேட்பான், நான் தடவிப் பார்த்துச் சொல்வேன். எனக்குச் சாவதற்குப் பயமில்லை, இந்த வேலைக்கு வந்த அன்றே அந்தப் பயத்தை ஒரு மாதிரி பேசித் தீர்த்துக்கொண்டுவிட்டேன். அந்த நாற்காலிக்குத்தான் பயமாக இருக்கிறது. எஞ்சினை இப்போதே போட்டுக்கொண்டு, யாரையும் ஏற்றாமல், நான் மட்டும் கிழக்கே கடலைப் பார்த்துப் போய்விட்டால் என்ன என்றுகூட இரண்டு நாளாகத் தோன்றுகிறது. தோன்றியதும் உடனே தங்கப்பாண்டி நினைவு வருகிறது, விசாரணையில் அவனைத்தான் முதலில் கூப்பிடுவார்கள், பேனல் விளக்கு சரியில்லை என்று மேடம் புகார் சொல்லிக்கொண்டே இருந்தாரே என்று அவன் தலையில்தான் கட்டுவார்கள். அதனால் அதுவும் முடியாது.

இருட்டிவிட்டது. எனக்குத் தெரிந்த அளவில் உலகத்தில் இப்போது இருப்பது இந்தப் பேனல் மட்டும்தான். வேகம் பூஜ்யம். உயரம், இந்த ஓடுபாதை கடல்மட்டத்துக்கு மேலே இருக்கிற அளவு. எஞ்சின் சுற்று பூஜ்யம். ஆயில் பிரஷர் பூஜ்யம். காம்பஸ் மட்டும் லேசாக ஆடிக்கொண்டு தென்மேற்கைக் காட்டுகிறது. ஒவ்வொரு முள்ளும் எவ்வளவு சுத்தமாகத் தெரிகிறது. தங்கப்பாண்டி நல்ல வேலைதான் செய்திருக்கிறான், சிவப்பு எங்கேயும் கொட்டவில்லை, சிதறவில்லை, எண்ணின் மேல் மட்டும் மெல்லிசாக விழுகிறது. இதற்கு வெளியே கதவு திறந்திருக்கிறது என்று காற்று சொல்கிறது, கரிசல் மண்ணின் சூடு இன்னும் அடங்காத வாடை வருகிறது, எங்கோ பம்புசெட் ஓடுகிறது. காலடிச் சத்தம். சரளையில் சரக் சரக்கென்று அவளுடைய அவசர நடை.

"மேடம், அரை மணி ஆயிட்டு. கண்ணு சூப்பரா பழகிட்டு. வேலிக் கம்பியக்கூட எண்ணிருவேன் போலருக்கு. எவ்ளோ நட்சத்திரம் பாத்தீகளா?"

குரல் வந்த பக்கம் திரும்பினேன். கறுப்பு. சுற்றிவந்து இடதுபக்கம் ஏறப் போகிறாள், ஏறிவிட்டால் என்னால் சொல்ல முடியாது, எனக்கு என்னைத் தெரியும்.

"ஏறாத. அங்கனயே நில்லு. ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க மேடம்."

"எனக்கு ராத்திரியில கண்ணு தெரியல, விண்ணரசி."

சொல்லிவிட்டேன். அவ்வளவுதானா? இதற்கா புதன்கிழமையிலிருந்து? ஒரு நொடிகூட ஆகவில்லை, அவள் பட்டென்று பதில் சொன்னாள், அவசரநிலைப் பாடத்தை ஒப்பிக்கிற அதே கணீர்க் குரலில். "கூட இருக்குற பைலட்டுக்கு முடியலன்னா கண்ட்ரோல நான் எடுத்துக்கிடுவேன். வேகத்தக் கொறைக்க மாட்டேன். டவருக்குச் சொல்லிருவேன். அவுக கை ஸ்டிக்ல படாம சீட்ட பின்னாடி தள்ளிருவேன். அப்புறம் பக்கத்துல இருக்குற ஓடுபாதைக்கு..." கேட்டுக்கொண்டே இருந்தேன். என்னுடைய வழக்கம்தான் இது. பறந்துகொண்டிருக்கும்போது திடீரென்று பேனல் விளக்கை அணைத்துவிட்டு, ம், இப்ப என்ன செய்வே என்பேன். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, எஞ்சின் நின்னு போச்சு, சொல்லு என்பேன். ஒரு வரி விடாமல் ஒப்பித்தாள். எல்லாம் சரி. ஒரு தப்பு இல்லை. எனக்கு அழுகை வந்தது, அவள் முன்னால் நான் அழுததே இல்லை.

"டெஸ்ட் இல்ல விண்ணரசி," என்றேன். "நெசமாவே தெரியல. டாக்டர் சொல்லிட்டாவ. இனிமே தெரியவும் செய்யாது."

பம்புசெட் ஓடுகிறது.

"எப்ப இருந்து மேடம்?"

"ரெண்டு வருஷமா இருந்திருக்கு. எனக்குத் தெரிஞ்சது புதன்கெழம."

"அப்போ அந்த மாடு?"

"நான் பாக்கல."

"அதுக்கு முந்தி நாம எறங்குனது எல்லாம்?"

என் கை மறுபடி டிம்மரைத் தேடிப் போனது. அதுவே பதில் என்று அவளுக்குப் புரிந்திருக்கும். அவள் குரல் மாறிவிட்டது, இப்போது வருவது கிளப்பில் எல்லோரையும் பதிலுக்கு ஓட்டுகிற அந்தக் குரல் இல்லை, உவரிக் கடற்கரையில் அப்பா இன்னும் கரை திரும்பவில்லை என்று நிற்கிற சின்னப் பிள்ளையின் குரல். "பக்கத்துல மேடம் இருக்காவ, நான் தப்புப் பண்ணுனா பிடிச்சிக்கிடுவாவன்னு நெனச்சித்தான மேடம் நான் அம்புட்டு இருட்டுக்குள்ள எறக்குனேன். அப்போ நான் தனியாத்தான் இருந்தனா?"

"ஆமா," என்றேன்.

அப்புறம் சத்தமே இல்லை. காத்திருந்தேன். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தங்கப்பாண்டியிடம் ஓடியிருப்பாளோ, ஆபீசுக்குப் போயிருப்பாளோ. போகட்டும், போய்ச் சொல்லட்டும், சொல்ல வேண்டியதுதான். ஆனால் காலடிச் சத்தம் கேட்கவில்லையே. இந்தச் சரளையில் பூனை நடந்தாலும் கேட்குமே. எஞ்சின் பக்கம் போய் வாந்தி எடுக்கிறாளோ? இறக்கைக்கு அடியில் உட்கார்ந்துவிட்டாளோ? இறங்கிப் போய் அவளைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று இருக்கிறது, இறங்கி எந்தப் பக்கம் போவது என்று தெரியவில்லை. கையை வெளியே நீட்டினேன். காற்று. இன்னும் கொஞ்சம் நீட்டினேன். பயத்தில் நானே எதிர்பார்க்காத அளவுக்குக் கத்திவிட்டேன்.

"விண்ணரசி! ஏட்டி விண்ணரசி, எங்க போயிட்ட?"

"எங்கயும் போகல மேடம்," என்றாள். மூக்கை உறிஞ்சினாள். "ஒங்க முன்னாடிதான் நிக்கேன்."